மார்கழியில் சீடர், ஆவணியில் ராக்வீட்: ஆஸ்டினுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஓர் அலர்ஜி வழிகாட்டி

பால் பொங்கி வரும் நேரத்தில் மகன் எறிந்த பந்து வேலியோரத்து மரத்தில் போய் மோதியது. மரத்திலிருந்து மஞ்சளாகப் புகை கிளம்பியது. அசல் புகை போலவே இருந்ததால் வீட்டில் எல்லோரும் ஒரு கணம் அடுப்பைத் திரும்பிப் பார்த்தோம். முந்தின நாள்தான் வடக்கிலிருந்து குளிர்காற்று வந்து போயிருந்தது. வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது, காற்று வறண்டு அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் புகை பானை மேலும் எங்கள் மேலும் வந்து படிந்தது. சாயங்காலத்துக்குள் எனக்கு இரண்டு கண்ணும் வீங்கிவிட்டன.

ஆஸ்டினுக்கு வந்து எங்களுக்கு அது மூன்றாவது பொங்கல். முதல் இரண்டு குளிர்காலத்திலும் ஒரு தும்மல்கூட இல்லை. அதனால் சளி பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த சளி மாத்திரையை ஐந்து நாள் போட்டேன். பிறகு ஓர் அர்ஜென்ட் கேரில் ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தார்கள், அதையும் முடித்தேன். எதற்கும் கேட்கவில்லை. கடைசியில், இருபது வருடமாக இங்கே இருக்கும் பக்கத்து வீட்டு அக்கா கேட்டது ஒரே கேள்வி: "கண்ணு அரிக்குதா?"

அரித்தது. அன்றைக்குத்தான் சீடர் ஃபீவர் என்ற பெயரையே கேள்விப்பட்டேன். சீடர் என்று இங்கே சொல்லும் மரத்தின் மகரந்தத்தால் வரும் அலர்ஜி அது.

ரவுண்ட் ராக், சீடர் பார்க், லியாண்டர், ஃப்ளூகர்வில் என்று ஆஸ்டினைச் சுற்றி வீடு பார்த்துக் குடிவருகிற தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். மத்திய டெக்சாஸில் அலர்ஜிக்கு ஒரு நாள்காட்டி உண்டு. எந்தச் செடி எந்த மாதம் என்பது வருடா வருடம் அதிகம் மாறுவதில்லை. தும்மல் வந்த பிறகு மருந்துக்கடைக்கு ஓடுகிறவர் அந்தப் பருவம் முழுக்க அவதிப்படுகிறார். இரண்டு வாரம் முன்னதாகவே தொடங்கியவர் வேலைக்குப் போகிறார், பிள்ளைகளோடு பூங்காவுக்குப் போகிறார். நான் இரண்டு பக்கமும் இருந்து பார்த்துவிட்டேன்.

முதலில், இது எது என்று பாருங்கள்

ஜனவரியில் இங்கே ஃப்ளூவும் சுற்றும், கோவிட்டும் சுற்றும், சீடரும் பறக்கும். மூன்றும் ஒரே மாதிரி தொடங்கும். சீடர் ஃபீவர் என்று பெயர் இருந்தாலும் அது காய்ச்சல் இல்லை. உடம்பு கொஞ்சம் கதகதப்பாக, அடித்துப் போட்டாற்போல் இருக்கும், அவ்வளவுதான். தெர்மாமீட்டரில் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் மகரந்தத்தின் மேல் பழி போடாதீர்கள். ஃப்ளூ, கோவிட் இரண்டுக்கும் டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.

அலர்ஜிக்கு முக்கியமான அடையாளம் அரிப்பு. கண், மூக்கு, அண்ணாக்கு, சில பேருக்குக் காதுக்குள்ளேயும் அரிக்கும். மூக்கில் வருவது தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். சளி என்றால் ஒரு வாரம், பத்து நாளில் விட்டுவிடும். அலர்ஜி காற்றைப் பொறுத்தது. மழை பெய்த நாளில் நன்றாக இருந்து, மறுநாள் வெயிலோடு காற்றடித்ததும் திரும்பி வந்தால் சந்தேகமே வேண்டாம்.

மூச்சு விடும்போது வீசிங் சத்தம், நெஞ்சு இறுக்கம், இரவில் விடாத இருமல், இவை வந்தால் இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். அலர்ஜி ஆஸ்துமாவைக் கிளறிவிடும். பேச முடியாத அளவுக்கு மூச்சு முட்டினால் 911.

"எனக்கு எந்த அலர்ஜியும் கிடையாது" என்று புதிதாக வந்தவர்கள் எல்லோரும் சொல்வோம். நானும் சொன்னேன். உடம்பு ஒரு மகரந்தத்தை எதிரியாகப் பதிந்துகொண்டு, அதற்கென்று ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் புரதத்தைச் சேர்த்து வைப்பதற்குச் சில பருவங்கள் பிடிக்கும். அதுவரை ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் அதே மகரந்தம் மூக்குக்குள் போனதும் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் கொட்டும், கண்ணும் மூக்கும் திறந்துகொள்ளும். முதல் வருடம் தப்பித்தோம் என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

தமிழ் மாதக் கணக்கில் ஆஸ்டின் காற்று

இங்குள்ளவர்கள் டிசம்பர் நடு, ஆகஸ்ட் நடு என்று சொல்வார்கள். எனக்கு அது மனதில் நிற்கவில்லை. நம் மாதங்களோடு வைத்துப் பார்த்தபோது அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்தியது.

மார்கழியும் தையும் சீடருக்கு. இந்த ஊரில் சீடர் என்று எல்லோரும் சொல்வது உண்மையான சீடர் இல்லை. ஆஷ் ஜூனிபர் என்ற மரம், மவுண்டன் சீடர் என்றும் சொல்வார்கள். ஆஸ்டினுக்கு மேற்கே ஹில் கன்ட்ரி முழுக்க இதுதான் காடு. மவுண்ட் பானல் குன்றின் மேல் ஏறி நின்றால் ஆற்றின் எதிர்க்கரையில் அடர்பச்சையாகத் தெரிவதில் பெரும்பங்கு இந்த மரம். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரத்தில் நீலநிறத்தில் சின்னச் சின்னக் காய் இருக்கும், அதனால் யாருக்கும் தும்மல் வராது. ஆண் மரம் டிசம்பரில் நுனியெல்லாம் செம்பழுப்பாகிவிடும், தூரத்திலிருந்து பார்த்தால் மரம் காய்ந்துவிட்டதோ என்று தோன்றும். ஒரு கிளையைக் கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு நுனியிலும் அரிசி மணியைவிடச் சிறிய கூம்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு மகரந்த மூட்டை. ஈரமான நாளில் அவை மூடியே கிடக்கும். குளிர்காற்று ஒன்று கடந்து போய், வறண்ட வடக்குக் காற்று அடித்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் திறக்கும். நாங்கள் பொங்கலன்று பார்த்த புகை அதுதான். காட்டில் தீ என்று நினைத்துத் தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டவர்களும் இங்கே உண்டு.

உச்சம் பெரும்பாலும் ஜனவரி முதல் பாதியில், அதாவது மார்கழிக் கடைசியிலிருந்து பொங்கலை ஒட்டி. பிப்ரவரி நடுவில் அடங்கும். இந்த மகரந்தம் காற்றில் வெகுதூரம் போகும். சீடர் பார்க்கில் வீடு வேண்டாம், கிழக்கே ஃப்ளூகர்வில் போய்விடலாம் என்று கணக்குப் போடுவதில் பெரிய பலன் கிடையாது.

மாசியில் எல்ம், ஆஷ் மரங்கள் (இந்த ஆஷ் வேறு, ஆஷ் ஜூனிபர் வேறு). சீடரின் வால் அடங்குவதற்குள் இவை தொடங்குவதால் பல பேர் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள்.

பங்குனி, சித்திரை ஓக் மரத்துக்கு. லைவ் ஓக் இங்கே தெருவுக்குத் தெரு நிற்கும். வசந்தத்தில் பழைய இலையைக் கொட்டிக்கொண்டே புது இலை விடும், கூடவே பழுப்பு நூல் போன்ற பூச்சரங்கள் கொட்டும். கார் கண்ணாடி, வாசல், நீச்சல்குளம் எல்லாம் மஞ்சள் மாவு படிந்து கிடக்கும். கண்ணுக்கு இவ்வளவு தெரிவதால் ஓக்தான் பெரிய வில்லன் என்று நினைப்போம். ஓக்கும் படுத்தும், ஆனால் சீடர் அளவுக்குப் பல பேரைச் சாய்ப்பதில்லை. காரைத் துடைப்பத்தால் பெருக்காமல் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இன்னொன்று, மகரந்தம் கொட்டுகிறதே என்று இந்த மாதங்களில் ஓக் கிளைகளை வெட்டிவிடாதீர்கள். பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை வெட்டினால் காயத்தின் வழியாக ஓக் வில்ட் என்ற பூஞ்சை நோய் தொற்றும். ஒரு மரத்தில் வந்தால் வேர்வழியாகத் தெருவையே காலி செய்யக்கூடியது.

சித்திரைக் கடைசியில் பெக்கான் மரமும் சேர்ந்துகொள்ளும். அதன் பிறகு புல். இங்கேதான் எனக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. வீட்டுக்கு வீடு புல்தரையாகப் பரப்பி வைத்திருக்கிற பெர்முடா கிராஸ் வேறொன்றும் இல்லை, நம் அறுகம்புல்தான். பிள்ளையாருக்குச் சாற்றுகிற அதே புல். ஓரங்களில் ஆளுயரம் வளர்கிற ஜான்சன் கிராஸ் நம் சோளத்துக்கு உறவு. ஊரிலேயே புல் மகரந்தம் ஒத்துக்கொள்ளாமல் இருந்தவர்களுக்கு இங்கே முதல் வருடமே தொல்லை தொடங்கலாம், உடம்பு ஏற்கெனவே பதிந்து வைத்திருப்பதால். புல் பருவம் வைகாசி, ஆனி, ஆடி என்று நீண்டு போகும், ஆனால் மெதுவாக எரியும் அடுப்பு மாதிரி. புல் வெட்டுகிற வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடுங்கள், வெட்டும்போது ஜன்னலை மூடுங்கள், அது போதும்.

ஆவணி, புரட்டாசி, ஐப்பசி ராக்வீட் என்ற களைச்செடிக்கு. ஆகஸ்ட் நடுவில் தொடங்கி முதல் உறைபனி விழும்வரை. காலி மனை, சாலையோரம், ஓடைக்கரை எங்கும் வளரும். பூ பச்சையாக இருப்பதால் கண்ணில் படாது. ஒரே செடி ஒரு பருவத்தில் நூறு கோடி வரை மகரந்தம் விடும். அதே நேரத்தில் கண்ணைப் பறிக்கிற மஞ்சள் பூவோடு கோல்டன்ராட் பூத்து நிற்கும், பழி அதன்மேல் விழும். பாவம் அது. அதன் மகரந்தம் பிசுபிசுப்பானது, பூச்சி எடுத்துப் போவது, காற்றில் பறப்பதில்லை. பொதுவாகவே, பளிச்சென்று அழகாகப் பூப்பவை நம்மைத் தும்ம வைப்பதில்லை. ப்ளூபானட் வயலில் பிள்ளைகளை உட்காரவைத்துத் தாராளமாகப் படம் எடுங்கள்.

ராக்வீடும் ஊரில் நாம் பிடுங்கி எறிந்த பார்த்தீனியமும் ஒரே குடும்பம். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போவது உண்டு. ஊரில் பார்த்தீனியத்தால் கஷ்டப்பட்டவர்கள் முதல் ஆவணியிலிருந்தே கவனமாக இருங்கள். ராக்வீட் அலர்ஜி உள்ள சிலருக்கு வாழைப்பழம், வெள்ளரிக்காய், முலாம்பழம் சாப்பிட்டால் வாயும் தொண்டையும் நமநமக்கும். கொலு நேரத்துப் பழத்தட்டில் இதைப் பார்த்துவிட்டு எங்கள் தோழி ஒருவர் பூச்சி மருந்து என்று நினைத்துப் பழங்களை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். காரணம் மகரந்தப் புரதமும் பழப் புரதமும் ஒரே சாயலில் இருப்பதுதான். நமநமப்போடு நின்றால் அந்தப் பழத்தைத் தவிர்த்தால் போதும், நாக்கோ தொண்டையோ வீங்கினால் அவசர சிகிச்சை வேண்டும்.

இதே மாதங்களில் சீடர் எல்ம் என்ற மரமும் பூக்கும். எல்ம் வசந்தத்தில்தானே என்று குழம்ப வேண்டாம், இது வேறு வகை. பூஞ்சைக்கு மட்டும் மாதம் கிடையாது. மழை பெய்து இரண்டு நாள் கழித்து, இலைக்குப்பை ஊறிக் கிடக்கும்போது ஏறும்.

மிச்சம் இருப்பது கார்த்திகை. ராக்வீட் முடிந்து சீடர் தொடங்காத அந்த நாலு வாரம்தான் இந்த ஊரில் காற்று சும்மா இருக்கும் காலம். அதை வீணாக்காதீர்கள்.

கார்த்திகையிலேயே தொடங்க வேண்டியவை

மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேதான் இதில் முதல் மருந்து. ஃப்ளோனேஸ், நாசகார்ட் என்ற பெயர்களில் மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கும். எச்.இ.பி. கடையின் சொந்தத் தயாரிப்பு, காஸ்ட்கோவின் கிர்க்லண்ட் தயாரிப்பு இவற்றிலும் அதே மருந்துதான், விலை குறைவு. ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் நம் வீடுகளில் ஒரு பயம் வரும். மாத்திரையாக, ஊசியாக உடம்பு முழுக்கப் போகும் ஸ்டீராய்டு வேறு, மூக்குச் சவ்வில் மட்டும் வேலை செய்து ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும் இது வேறு. க்ளாக்கோமா, கண்புரை உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற அளவு அட்டையில் இருக்கும். வருடத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் தேவைப்பட்டால் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இந்த ஸ்ப்ரே அடித்தவுடன் வேலை செய்யாது. முழுப் பலன் தெரியச் சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும். "ரெண்டு நாள் அடிச்சேன், ஒண்ணும் கேக்கல" என்று தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம். டிசம்பர் முதல் வாரத்தில், திருக்கார்த்திகை விளக்கேற்றும் சமயத்தில் தொடங்கிவிடுங்கள். பிப்ரவரி நடுவரை ஒருநாளும் விடாமல் அடியுங்கள். ராக்வீட் தொல்லை இருந்தால் இதே கணக்கு ஆடிப்பெருக்குக்கு.

அடிக்கும் விதம் மருந்தைப் போலவே முக்கியம். எனக்கு ஒரு ஃபார்மசிஸ்ட் செய்து காட்டும்வரை நான் தப்பாகத்தான் அடித்துக்கொண்டிருந்தேன். தலையை அண்ணாந்து பார்க்கக் கூடாது, லேசாகக் குனிய வேண்டும். முதலில் மூக்கைச் சிந்திவிடுங்கள். பாட்டிலைக் குலுக்குங்கள். வலது மூக்குத் துளைக்கு இடது கையால் பிடியுங்கள், இடது துளைக்கு வலது கையால். அப்படிப் பிடித்தால் முனை தானாகவே நடுத்தண்டை விட்டு விலகி, அந்தப் பக்கத்துக் காதைப் பார்த்து நிற்கும். நடுத்தண்டில் அடித்தால்தான் மூக்கில் ரத்தம் வருகிறது. மெதுவாக மூச்சை இழுத்துக்கொண்டே அடியுங்கள். உறிஞ்சி இழுத்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும், வாய் கசந்தால் அப்படித்தான் ஆகியிருக்கிறது.

மாத்திரை என்றால் செட்ரிசின், லோராடடின், ஃபெக்ஸோஃபெனடின். இங்கே ஸைர்டெக், க்ளாரிடின், அலெக்ரா. தும்மலுக்கும் அரிப்புக்கும் கேட்கும், மூக்கடைப்புக்கு அவ்வளவாகக் கேட்காது. செட்ரிசின் சிலருக்குத் தூக்கம் தரும், இரவில் போடுங்கள். மாதக்கணக்கில் தினமும் போட்டுவிட்டு நிறுத்தும்போது அரிதாகச் சிலருக்குக் கடுமையான உடல் அரிப்பு வருகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025இல் எச்சரித்தது, அப்படி வந்தால் டாக்டரைக் கேளுங்கள். ஃபெக்ஸோஃபெனடினைத் தண்ணீரோடு மட்டும் விழுங்குங்கள், ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. கண் அரிப்புக்குத் தனியாகச் சொட்டு மருந்து இருக்கிறது, பேட்டடே அல்லது ஸாடிட்டர். சீடர் காலத்தில் என்னைக் காப்பாற்றுவது அதுதான். ஸ்ப்ரேயும் மாத்திரையும் போதாவிட்டால் ஆஸ்டெப்ரோ என்ற இன்னொரு ஸ்ப்ரே இருக்கிறது. அதில் ஸ்டீராய்டு கிடையாது, அரைமணி நேரத்தில் வேலை செய்யும்.

மூன்று விஷயத்தில் கவனம் வேண்டும். பெயருக்குப் பின்னால் டி என்று போட்ட மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருக்கும். கவுண்டருக்குப் பின்னால் வைத்து, அடையாள அட்டை பார்த்துத்தான் தருவார்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது வேண்டாம். அலமாரியில் தாராளமாகக் கிடைக்கும் ஃபினைல்எஃப்ரின் மாத்திரை மூக்கடைப்புக்குப் பயன்படாது என்று எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு 2023இல் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. நாம் ஊரிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவரும் பல சளி மாத்திரைகளில் இருப்பதும் அதுதான், கூடவே பாராசிட்டமாலும். இங்கே டைலனாலும் சேர்த்துப் போட்டால் பாராசிட்டமால் இரட்டிப்பாகிவிடும். மூன்றாவது அஃப்ரின் ஸ்ப்ரே. அடித்த நிமிடமே மூக்கு திறக்கும், அதனால்தான் ஆபத்து. மூன்று நாளுக்கு மேல் போனால் அது இல்லாமல் மூக்கு திறக்கவே திறக்காது.

ஒரே ஸ்டீராய்டு ஊசியில் சீடர் பருவத்தையே தாண்டிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அலர்ஜி நிபுணர்கள் அதை விரும்புவதில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சர்க்கரை எகிறும். நான் போடச் சொல்லமாட்டேன்.

ஜலநேதி பழகியவர்களுக்கு இங்கே ஒரு நல்ல செய்தி, உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது உண்மையிலேயே உதவும். ஒட்டிய மகரந்தம் வெளியே போய்விடும். ஆனால் குழாய்த் தண்ணீரை அப்படியே எடுக்காதீர்கள். நெக்லீரியா என்ற அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போனால் பிழைப்பது அபூர்வம். கடையில் டிஸ்டில்ட் வாட்டர் என்று கேலனில் விற்பதை வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவிட்டு எடுங்கள். பாத்திரத்தையும் கழுவிக் காயவையுங்கள். கழுவிய பிறகு மருந்து ஸ்ப்ரே, முன்னால் அடித்தால் மருந்து போய்விடும்.

இந்த ஊர்த் தேனைத் தினமும் ஒரு ஸ்பூன் சாப்பிட்டால் அலர்ஜி வராது என்று சந்தையில் விற்கிறவர்கள் சொல்வார்கள். தேனீ பூவுக்குப் போகிறது, சீடரும் ராக்வீடும் காற்றில் பறக்கின்றன. தேனை ருசிக்காகச் சாப்பிடுங்கள், ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்குள்

செருப்பை வாசலில் விடும் நம் பழக்கம் இங்கே பெரிய பாதுகாப்பு, விட்டுவிடாதீர்கள். அதோடு இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே போய் வந்ததும் சட்டையை மாற்றுவது, இரவு படுக்கும் முன் தலையோடு குளிப்பது. தலைமுடியில், அதிலும் எண்ணெய் தடவிய தலையில், மகரந்தம் ஒட்டிக்கொண்டு வந்து தலையணையில் இறங்கும். ராத்திரி முழுக்க அதன் மேலேயே மூச்சு விடுவோம். துணியை வெயிலில் காயப்போடாமல் நம்மால் இருக்க முடியாது, எனக்கும் ட்ரையர் பிடிக்காது. ஆனாலும் மார்கழி, தை மட்டும் பால்கனிக் கொடியை மறந்துவிடுங்கள், குறிப்பாகத் துண்டும் போர்வையும்.

சென்ட்ரல் ஏ.சி.யின் ஃபில்டரைப் பாருங்கள். சுவரிலோ கூரையிலோ இருக்கும் பெரிய கம்பி வலைக் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும். அளவு அதன் சட்டத்தில் அச்சிட்டிருக்கும். அபார்ட்மென்டில் அது பெரும்பாலும் மலிவான ரகம்தான், மெயின்டனன்ஸில் கேட்டால் மாற்றித் தருவார்கள், இல்லாவிட்டால் நீங்களே மெர்வ் (வடிகட்டும் திறனின் அளவு) 11 அல்லது 13 என்று போட்டதை வாங்கிப் பொருத்துங்கள். பழைய எந்திரம் என்றால் 13ஐத் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓரத்தில் இருக்கும் அம்புக்குறி எந்திரத்தைப் பார்க்க வேண்டும். டிசம்பர் தொடக்கத்தில் புதிது போட்டால் ஜனவரிக் கடைசியில் எடுத்துப் பாருங்கள், நிறமே சொல்லிவிடும்.

ஜனவரியில் வெயிலும் குளிரும் அளவாக இருக்கும் நாளில் ஜன்னலைத் திறக்கக் கை போகும். அந்த மாதிரி வறண்ட, பளிச்சென்ற நாள்தான் சீடருக்கும் பிடித்த நாள். தூறல் நாளில் திறந்து கொள்ளுங்கள். நடைப்பயிற்சியும் அப்படித்தான். அதிகாலை ஈரத்தில் மார்கழிக் கோலம் போடலாம், ஈரம் காய்ந்து காற்று கிளம்பும் முன்பகலுக்கு மேல்தான் மகரந்தம் ஏறும். சாம்பிராணிப் புகையை இந்த இரண்டு மாதம் குறைத்துக்கொண்டால் புண்ணான மூக்குக்கு நல்லது. வேலியோரத்தில் ஆண் மரம் இருந்து வெட்ட நினைத்தால் நகர அனுமதி, எச்.ஓ.ஏ. என்ற வீட்டு உரிமையாளர் சங்கத்தின் விதி இரண்டையும் பாருங்கள், பூத்திருக்கும்போது கை வைக்காதீர்கள். வயதான மரமாக இருந்தால் விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். கோல்டன் சீக்ட் வார்ப்ளர் என்ற, டெக்சாஸில் மட்டுமே குஞ்சு பொரிக்கிற அருகிவரும் குருவி, இந்த மரத்தின் உரியும் பட்டையை எடுத்துத்தான் கூடு கட்டுகிறது.

கே.வி.யு.இ., கே.எக்ஸ்.ஏ.என். தொலைக்காட்சிகள் தினமும் மகரந்த எண்ணிக்கை சொல்கின்றன. அது ஏற்கெனவே பிடித்து எண்ணிய காற்று, நாளைய ஜோசியம் இல்லை. மரங்களுக்கு ஒரு கன மீட்டரில் 90ஐத் தாண்டினால் அதிகம், 1,500ஐத் தாண்டினால் மிக அதிகம். களைக்கு 50, 500. புல்லுக்கு 20, 200. சீடர் உச்சத்தில் பல ஆயிரம் போகும். நாளைக்கு எப்படி என்று தெரிய வானிலையில் குளிர்காற்று வருகிறதா என்று பார்த்தால் போதும்.

பரிசோதனையும் ஊசியும்

இரண்டு பருவம் அவதிப்பட்டுவிட்டால் அலர்ஜி டாக்டரைப் பாருங்கள். எச்.எம்.ஓ. இன்ஷூரன்ஸ் என்றால் குடும்ப மருத்துவரின் ரெஃபரல் வேண்டும். முன்கையிலோ முதுகிலோ வரிசையாகக் குத்திப் பார்க்கும் தோல் பரிசோதனை இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், கொசு கடித்தாற்போல் எது தடிக்கிறதோ அதுதான். அதற்கு ஒரு வாரம் முன்னதாகவே செட்ரிசின் வகையை நிறுத்த வேண்டும், எத்தனை நாள் என்று அவர்களே சொல்வார்கள். நிறுத்த முடியாதவர்களுக்கு ரத்தப் பரிசோதனை உண்டு.

நவம்பரில் போவது நல்லது. ஜனவரியில் ஊரே அங்கேதான் நிற்கும், அதோடு பெரும்பாலான இன்ஷூரன்ஸில் டிடக்டிபிள் (இன்ஷூரன்ஸ் தரத் தொடங்கும் முன் நாம் கட்ட வேண்டிய தொகை) ஜனவரி 1இல் திரும்பவும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். வருடக் கடைசியில் காலாவதியாகும் எஃப்.எஸ்.ஏ. பணம் (மருத்துவச் செலவுக்கென்று சம்பளத்தில் வரிக்கு முன் ஒதுக்கி வைப்பது) மிச்சமிருந்தால் ஸ்ப்ரே, மாத்திரை, கண் சொட்டு எல்லாவற்றையும் அதில் வாங்கலாம். 2020இலிருந்து இதற்கு மருந்துச்சீட்டு வேண்டியதில்லை.

அலர்ஜி ஷாட்ஸ் என்பது எதிரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குப் பழக்குவது. முதல் சில மாதம் வாரம் ஒன்றோ இரண்டோ, பிறகு மாதம் ஒன்று, மொத்தம் மூன்றிலிருந்து ஐந்து வருடம். ஒவ்வொரு முறையும் போட்ட பிறகு அரைமணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும், அவசரம் என்று எழுந்து வந்துவிடாதீர்கள். அரிதாகக் கடுமையான எதிர்வினை வரும், வந்தால் அந்த அரைமணிக்குள்தான் பெரும்பாலும் வரும். விசா, வேலை மாற்றம் என்று அடுத்த வருடம் வேறு மாநிலம் போகும் வாய்ப்பு இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். ராக்வீடுக்கு நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரைக்கு எஃப்.டி.ஏ. அனுமதி உண்டு. மவுண்டன் சீடருக்கு அப்படி ஒன்று கிடையாது, ஊசிதான்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வரும்போது

ஆஸ்துமாவோ சைனஸோ உள்ளவர்கள் என்றால் டிக்கெட் போடும் முன் இந்த மாதங்களைப் பாருங்கள். பேரப்பிள்ளைகளோடு பொங்கல் என்பது எல்லோருக்கும் ஆசைதான், ஆனால் அதுதான் உச்சம். சீடர் அவர்களுக்குப் புதிது என்பதால் அலர்ஜி வராமலே போகலாம், ஆனால் ஏற்கெனவே புண்பட்ட மூச்சுக்குழாய்க்கு வறண்ட குளிர்காற்றே போதும். தினமும் எடுக்கும் இன்ஹேலர் ஆறு மாதத்துக்கு, அவசரத்துக்கான நீல இன்ஹேலர் கூடுதலாக ஒன்று, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வரட்டும். விசிட்டர் இன்ஷூரன்ஸ் பலவற்றில் முன்பே இருந்த நோய்க்குப் பணம் கிடையாது, அந்தப் பத்தியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொரு விஷயம். அவில், பெனட்ரில் போன்ற பழைய மாத்திரைகளைப் பெரியவர்களுக்குக் கொடுக்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் விழுவார்கள், சிலருக்குக் குழப்பம் வரும், ப்ராஸ்டேட் தொந்தரவு உள்ள அப்பாக்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். மூக்கு ஒழுகுகிறது என்று அவர்களே பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். வந்து இறங்கிய அன்றே மாத்திரை டப்பாவைத் திறந்து அவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள்.